ஓலை, பாசி, கருவேலம்: புதுமடம் கரையில் மனிதரையும் தாவரத்தையும் இணைப்பது எது?

1. களமும் கேள்வியும்

புதுமடம், இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் ஒன்றியத்தில், உச்சிப்புளிக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவை ஒட்டிய கரையோர ஊர். கிழக்கே மண்டபமும், பாம்பன் நீரிணையைத் தாண்டி இராமேசுவரம் தீவும் இருக்கின்றன. மேற்கே பெரியபட்டினம், கீழக்கரை. நிலம் மணற்பாங்கானது, வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து முடிந்துவிடும். எஞ்சிய மாதங்களில், மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கும் மழைநீரே கிணற்றுக்கும் ஊற்றுக்கும் ஆதாரம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும்.

இத்தகைய நிலம் எல்லாத் தாவரத்தையும் ஏற்காது. பனை, தென்னை, உடை, பூவரசு, வேம்பு, தாழை, அடும்பு ஆகியன இங்கு வேர்பிடித்தவை. கடலுக்குள் பாசிகளும் கடற்புற்களும் வளர்கின்றன. பாசி நிலத்தாவரங்களோடு ஒரே வரிசையில் வைக்கத்தக்கதன்று என்பது இன்றைய உயிரியல் வகைப்பாடு. குறிப்பாகப் பழுப்புப் பாசிகள் முற்றிலும் வேறொரு கிளையைச் சேர்ந்தவை. ஆனால் பறித்து, உலர்த்தி, விற்று வாழும் குடும்பங்களுக்குப் பாசியும் கடலின் விளைச்சல்தான். அன்றாட வாழ்வைப் பேசும் இக்கட்டுரை அதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது.

ஆராயப்படும் கேள்வி ஒன்றே. ஒரு தாவரம் ஓர் ஊரின் அன்றாட வாழ்வில் நிலைத்திருப்பதற்குக் காரணம் எது? அதன் பயனா, அதைப் பற்றிய அறிவா, அதன்மீதுள்ள பற்றா, அதற்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பா? இக்கரையின் சான்றுகள், இந்த நான்கையும் தாங்கி நிற்பது அன்றாட உழைப்பு என்பதைக் காட்டுகின்றன. அந்த உழைப்பும் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே நிலைக்கிறது. அவை எவை என்பதைக் கீழ்வரும் பகுதிகள் வரிசையாகப் பார்க்கின்றன.

2. இதுவரையான புரிதல்கள்

தமிழ் மரபில் மனிதர்–தாவர உறவைப் பேசும்போது முதலில் நினைவுக்கு வருவது திணைக் கோட்பாடு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலங்களே பூவின், மரத்தின் பெயரால் அறியப்பட்டன. புதுமடம் நெய்தல் நிலம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்குவது, தாவரத்தை வேறுபடுத்திக் காணும் கண் அன்று எவ்வளவு கூர்மையாக இருந்தது என்பதற்குச் சான்று.

தொல்காப்பியத்தின் மரபியல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெளிப்புறம் வைரம் பாய்ந்ததைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்ததை மரம் என்றும் அது பிரிக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் புல்லினம். ஒருவிதையிலைத் தாவரங்களான இவை புல்லுக்கு நெருங்கிய உறவு என்று இன்றைய தாவரவியலும் சொல்கிறது. புல்லின் உறுப்புகளுக்கு மடல், ஓலை, பாளை, ஈர்க்கு, குலை முதலிய சொற்களும், மரத்தின் உறுப்புகளுக்கு இலை, தளிர், குழை, சினை முதலிய சொற்களும் அங்கே தனித்தனியே தரப்படுகின்றன. இன்றும் கரையோர ஊர்களில் எவரும் 'பனை இலை' என்று சொல்வதில்லை. ஓலை என்றே சொல்கிறார்கள். ஓர் இலக்கண நூலின் பாகுபாடு பேச்சில் இவ்வளவு காலம் உயிரோடிருப்பதற்கு ஏட்டுக் கல்வி காரணமாக இருந்திருக்க முடியாது. ஓலையை வெட்டி, வகிர்ந்து, முடைந்த கைகளே அச்சொல்லைக் காத்தன.

ஊர்ப்பெயர்களும் இதே திசையைக் காட்டுகின்றன. பனைக்குளம், தாமரைக்குளம் ஆகியவை புதுமடத்துக்கு அணித்தான ஊர்கள். திருப்புல்லாணியின் பெயர், இராமர் தருப்பைப் புல்லில் கிடந்ததாகச் சொல்லும் தலக்கதையோடு சேர்த்துப் பேசப்படுகிறது. மன்னார் வளைகுடாவில் அமிழ்ந்துபோன தீவு ஒன்றின் பெயர் பூவரசன்பட்டி.

இரண்டாவது அணுகுமுறை இனத்தாவரவியல். 1895-இல் அமெரிக்கத் தாவரவியலர் ஜான் ஹார்ஷ்பெர்கர் இத்துறைக்குப் பெயரிட்டார். இந்தியாவில் இதற்கு வலுவான அடித்தளம் இட்டவர்களுள் தலைச்சேரியில் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள் முக்கியமானவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தோடு இணைந்து 1984-இல் மறையும்வரை உழைத்தார். 1982 முதல் 1998 வரை நடந்த அகில இந்திய ஒருங்கிணைந்த இனஉயிரியல் ஆய்வுத் திட்டம் பழங்குடியினரின் தாவரப் பயன்பாடுகளை நாடு முழுவதும் பதிவு செய்தது. இப்பதிவுகளின் மதிப்பு பெரிது. எனினும் இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலானவை 'தாவரம்–உறுப்பு–பயன்' என்ற பட்டியலாக முடிந்துவிடுகின்றன. யார் பறிக்கிறார், யார் நிலத்தில் பறிக்கிறார், அதற்கு என்ன கூலி, அடுத்த தலைமுறை அதைக் கற்கிறதா என்பன பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

மூன்றாவது, உளவியல் சார்ந்த விளக்கம். 1999-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேம்ஸ் வாண்டர்சீயும் எலிசபெத் ஷுஸ்லரும், கண்முன் நிற்கும் தாவரத்தைக் கவனியாமல் கடந்துபோகும் இயல்பைத் 'தாவரக் குருட்டுத்தன்மை' என்றனர். விலங்கைப்போல் அசையாததும், பச்சைப் பின்னணியில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நகரத்து மாணவருக்கு இது பொருந்தலாம். நீருக்கடியில் ஒரு பாறையில் நான்கு வகைப் பாசியைத் தொட்டே பிரித்தறியும் பெண்ணுக்கு இது பொருந்தாது. தாவரத்தைக் காணும் திறன் மனித மூளையின் பொதுக் குறைபாட்டை மட்டும் பொறுத்ததன்று, செய்யும் வேலையையும் பொறுத்தது என்பதை இந்த வேறுபாடு உணர்த்துகிறது.

3. பனை: உயிரோடு நின்று பயன்தரும் மரம்

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. அதன் பயன்களைப் பாடும் தால விலாசம் என்ற தமிழ் நூல் 801 பயன்களைச் சொல்வதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகள் குறிப்பிடுகின்றன. அந்த எண்ணிக்கையைவிட இங்கு முக்கியமானது ஒன்றுண்டு. பயன்களில் பெரும்பாலானவற்றுக்கு மரம் உயிரோடு நிற்க வேண்டும். பதநீர், நுங்கு, பழம், கிழங்கு, ஓலை, நார் எதுவும் மரத்தை வீழ்த்தாமலே கிடைக்கிறது. விட்டத்துக்கும் வரிச்சுக்கும் மட்டுமே மரம் வெட்டப்படும்.

பனையில் ஆண், பெண் தனித்தனி மரம். நட்டு 15 முதல் 20 ஆண்டுகள் கழித்துப் பாளை விடும்வரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. ஆகவே பனை நடுபவர் தமக்காக நடுவதில்லை. பாளையை நுனி சீவி, அதில் கலயம் கட்டிப் பதநீர் இறக்கப்படுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகும். சீவிய இடம் காய்ந்து அடைபடாதிருக்க ஒவ்வொரு நாளும் ஏறிச் சீவ வேண்டும். பாளை அரிவாள், பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் இடுக்கி, காலில் மாட்டும் தளைநார், இடுப்பில் தொங்கும் குடுவை ஆகியன ஏறுபவரின் கருவிகள். இறக்கிய பதநீரை விடிலி என்னும் ஓலைக் குடிலில் பெண்கள் காய்ச்சுகின்றனர். அது இறுகிக் கூப்பனியாகும்போது சிரட்டையில் வார்த்தால் கருப்பட்டி. எந்தப் பதத்தில் இறக்குவது என்பது கண்ணும் கையும் பழகி வரும் அறிவு. புதுமடத்துக்கு மேற்கே சாயல்குடி, நரிப்பையூர் வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது.

ஓலை வேறொரு தொழிலை வளர்த்தது. விரியாத குருத்தோலை மென்மையானது; பெட்டி, கொட்டான், விசிறி ஆகியவற்றுக்கு உகந்தது. முற்றிய சாரோலை கூரைக்கும் வேலிக்கும் ஆகும். மட்டையிலிருந்து உரித்த நார், கடகத்தின் விளிம்பைக் கட்டும். கரையோர ஊர்களில் மீனும் கருவாடும் ஓலைப் பெட்டியில்தான் சந்தைக்குப் போயின. வீட்டில் இருந்தபடியே செய்யத்தக்க வேலை என்பதால் ஓலை முடைதல் பெண்களின் கையில் தங்கிய தொழிலாயிற்று. முற்றத்தில் அமர்ந்து தாயும் மகளும் முடையும்போது அளவுகளும் முடிச்சுகளும் தனிப் பாடம் இல்லாமலே கைமாறின.

இந்த உறவு தளர்ந்ததற்கு மூன்று காரணங்களைச் சான்றுகள் காட்டுகின்றன. முதலாவது, பொருள் மாற்றம்: நெகிழிக் கூடையும் சிமெண்டு அட்டையும் ஓலையின் இடத்தைப் பிடித்தன. இரண்டாவது, ஏறுபவரின் நிலை: தவறி விழுந்தால் உயிர் போகும் வேலை, ஆண்டில் சில மாத வருமானம், அதோடு சமூக மதிப்புக் குறைவு. இம்மூன்றையும் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல எந்தத் தந்தையும் விரும்புவதில்லை. மூன்றாவது, சட்டம்: 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை நடைமுறைக்கு வந்தது. தடையின் சமூக நியாயம் தனி விவாதத்துக்குரியது. ஆனால் பதநீருக்கென ஏறுபவரும் சந்தேகத்துக்கு உள்ளாகும் நிலை அதனால் ஏற்பட்டது.

ஏறுவோர் இல்லாத பனை எளிதில் விலைக்குப் போயிற்று. செங்கல் சூளைகளுக்கு விறகாக ஆயிரக்கணக்கில் மரங்கள் வெட்டப்பட்டன. 2021-இல் தமிழ்நாடு அரசு தனது முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கத்தை அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகளை வழங்கவும், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி மரத்தை வெட்டக் கூடாது என்றும் முடிவு செய்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் நடும் விதை பாளை விட 15 முதல் 20 ஆண்டுகள் ஆகிவிடும். அன்றைக்கு ஏறத் தெரிந்தவர் இருப்பாரா என்பது விதை எண்ணிக்கையால் விடை காண முடியாத கேள்வி.

4. அடுக்களையும் முற்றமும்

அன்றாட உறவு மிக நெருக்கமாக இருப்பது வீட்டுக்குள்தான். இக்கரையின் சமையலை உற்றுநோக்கினால், ஒரு தட்டில் பல நாடுகளின் தாவரங்கள் கூடியிருப்பது தெரியும். கீழக்கரைப் பகுதியின் தொதல் நல்ல எடுத்துக்காட்டு. அரிசிமாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி ஆகியவற்றை மணிக்கணக்கில் கிண்டிச் செய்யும் இந்த இனிப்பு, இலங்கையிலும் மலாய் நாடுகளிலும் வழங்கும் தோடோலின் உறவு. கடல்வணிகத்தில் பெயர்பெற்ற இக்கரை முஸ்லிம்கள் சென்றுவந்த வழிகளை அது சொல்கிறது. செய்முறை கடல் கடந்தது. ஆனால் அதை நிரப்பிய தேங்காயும் கருப்பட்டியும் உள்ளூர் மணலில் விளைந்தவை. கருப்பட்டி அரிதாகும்போது தொதலின் சுவையும் மாறுகிறது. ஏறுபவரின் உழைப்புக்கும் பெருநாள் பலகாரத்துக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் வெளிப்படுகிறது.

மிளகாயின் கதையும் அத்தகையது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக வந்த செடி, இராமநாதபுரத்தின் மானாவாரி நிலத்தில் உருண்டை வடிவக் குண்டு மிளகாயாக, முண்டு மிளகாய் என்ற பெயரில் வேரூன்றியது. 2023 பிப்ரவரியில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு தாவரம் 'நம்முடையது' ஆவதற்குப் பிறந்த இடம் நிபந்தனையன்று. விதையைத் தேர்ந்து, காயவைத்து, அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கும் தொடர் பராமரிப்பே நிபந்தனை.

முற்றத்தில் நிற்பவை பெரும்பாலும் பெண்களின் பொறுப்பு. முருங்கை, கறிவேப்பிலை, மருதாணி, வேம்பு ஆகியவை பாத்திரம் கழுவிய நீரிலேயே வளர்கின்றன. நன்னீர் அரிதான ஊரில் இது சிக்கனமும் தோட்டக்கலையும் ஒன்றான ஏற்பாடு. பெருநாளுக்கும் திருமணத்துக்கும் மருதாணியை அரைத்து இடுவது பக்கத்து வீடுகளை இணைக்கும் வழக்கம். செடி ஒரு வீட்டில், இலை பல வீடுகளுக்கு. தென்னையின் கீற்றை ஊறவைத்துப் பின்னும் கிடுகு முன்பு வேலியாகவும் பந்தலாகவும் இருந்தது. மதிலும் கான்கிரீட் தளமும் வந்தபின் கிடுகுக்கு வேலை குறைந்தது. சிமெண்டு போட்ட முற்றத்தில் செடிகளுக்கு இடமும் குறைந்தது. மாற்றம் ஒரே நாளில் நிகழாததால் இழப்பும் கண்ணில் படவில்லை.

5. கடல்பாசி: பறிப்பும் வரம்பும்

மன்னார் வளைகுடாவின் பாசி வளம் அறிவியல் உலகுக்கு நெடுங்காலமாகத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாசியியல் முன்னோடி எம். ஓ. பி. ஐயங்கார் 1927-இல் குருசடைத் தீவின் கடற்பாசிகளைப் பற்றி எழுதினார். 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது. புதுமடம், வேதாளை, சீனியப்பா தர்கா ஆகிய கரைகள் பாசி ஆய்வுகளுக்கு மாதிரி எடுக்கும் வழக்கமான இடங்கள்.

1960களில் அகர், ஆல்ஜினேட் ஆலைகள் வளர்ந்தபோது பாசி விலைபோகும் பொருளாயிற்று. பறிக்கும் பெண்கள் அதற்குத் தங்கள் வழக்கில் பெயர்களை வைத்தனர்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை, பக்கடாப் பாசி. முதல் இரண்டும் சிவப்புப் பாசிகள், அகர் தருபவை. பின்னிரண்டும் பழுப்புப் பாசிகள், ஆல்ஜினேட்டின் மூலப்பொருள். ஐஸ்கிரீம், மருந்து, துணி அச்சு என எங்கோ பயன்படும் பொருளுக்கு, இங்கே மணச்செடியையும் பலகாரத்தையும் நினைவூட்டும் பெயர்கள் அமைந்தன. புதிய பொருளைப் பழகிய சொல்லால் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் முறை இது.

வேலை கடுமையானது. கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகட்டுத் துண்டைக் கட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி மூழ்க வேண்டும். எந்த நாளில் நீர் வற்றும், எந்தக் காற்றில் கலங்கும், எந்தப் பாறையில் எது வளரும் என்ற கணக்கு அவர்கள் மனத்தில் இருக்கிறது.

1986-இல் இங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. பவளப்பாறைகளைக் காக்க இத்தகைய ஏற்பாடு தேவைப்பட்டது. பவளம் வெட்டியெடுக்கப்பட்ட காலத்தின் விளைவாகப் பூவரசன்பட்டி உள்ளிட்ட இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தன. ஆனால் தலைமுறையாகத் தீவோரத்தில் பாசி எடுத்த பெண்கள் ஒரு நாளில் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள்.

இந்த முரண்பாட்டில் இரு கருத்துகள் நிலவுகின்றன. பறிப்பு பாறையையும் அதில் வாழும் உயிர்களையும் சிதைக்கிறது என்பது ஒன்று. பாசி மீண்டும் வளர்வது, கையால் பறிக்கும் பெண்கள் தம் வரம்பறிந்து பறிப்பதால் கெடுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. தீர்மானிப்பது பறிக்கும் முறை. இரும்புச் சுரண்டியால் சுரண்டினால் பாசியின் பற்றுறுப்பு பாறையோடு பெயர்ந்துவிடும். கையால் கிள்ளினால் அடி தங்கித் தழைக்கும். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது வழங்கப்பட்டது, இந்த வரம்பைப் பெண்களே வகுத்துக்கொண்டதற்காக: சுரண்டியைக் கைவிட்டு, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது என அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தடையைவிட, பிழைப்பை அறிந்தவர்கள் இட்ட கட்டுப்பாடு நிலைக்கத் தக்கது என்பதற்கு இது வலுவான சான்று.

இதற்கு எதிர்த்திசைச் சான்று, பிலிப்பைன்ஸ் பகுதியைச் சேர்ந்த காப்பாபைகஸ் என்னும் பாசி. 2000-ஆம் ஆண்டையொட்டி மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் இது வணிக முறையில் வளர்க்கப்பட்டது. 45 நாளில் அறுவடை. பெண்கள் குழுக்களுக்கு நல்ல வருமானம். சில ஆண்டுகளில் குருசடைத் தீவருகே உயிருள்ள பவளத்தின்மேல் இப்பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2008-இல் வெளிப்படுத்தினர். 2013–14இல் பாசி பெருமளவில் நோயுற்று அழிந்து, வளர்த்த குடும்பங்கள் வருமானம் இழந்தன. 2023 செப்டம்பரில் இம்மாவட்டத்தின் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டுள்ளது. ஒரே வகைப் பாசியை நம்புவதன் ஆபத்தை அப்பூங்கா மறக்காமலிருக்க வேண்டும்.

6. அறுந்துபோன இரண்டு உறவுகள்

தாவரம் அழியாமலே உறவு அறுந்துபோகும் என்பதற்குச் சாயவேர் சான்று. இம்பூறல் எனப்படும் இச்சிறு செடி மணற்கரையில் தானே முளைப்பது. மெல்லிய நீண்ட வேரின் பட்டையில் செஞ்சாயம் உண்டு. கடுக்காயில் ஊறவைத்து, படிகாரம் இட்ட பருத்தித் துணியில் அது மங்காத சிவப்பைத் தந்தது. சோழமண்டலக் கரையின் அச்சுத்துணிகளை ஐரோப்பா விரும்பி வாங்கியதில் இந்தச் சிவப்புக்குப் பங்குண்டு. இராமேசுவரம், மன்னார் தீவுகளின் காட்டுவேர் மதிப்புப் பெற்றிருந்தது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணம், மன்னார் பகுதிகளில் டச்சுக்காரர்கள் வேர் தோண்டுவதை அரசு வருவாயாக வைத்து, தோண்டும் கடமையைக் குறிப்பிட்ட சாதியினர்மீது சுமத்தினர். இந்த உறவைப் பொற்காலமாக எண்ண இடமில்லை. கட்டாய உழைப்பும் அதில் கலந்திருந்தது.

1868-இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் அலிசரின் சாயத்தைச் செயற்கையாக உருவாக்கினர். அடுத்த ஆண்டிலிருந்து ஆலைச் சாயம் சந்தைக்கு வந்தது. சில பத்தாண்டுகளில் வேர் தோண்டுவோருக்கு வேலை இல்லாமற்போயிற்று. செடி இன்றும் மணலில் முளைக்கிறது. சித்த மருத்துவத்தில் இரத்தக் கசிவைக் கட்டும் மருந்தாக அறியப்படுகிறது. சாயம் ஏற்றிய கரையில் அதைச் சாயவேராக இனங்காணும் கண்தான் அரிதாகிவிட்டது.

வலைச்சாயம் அடுத்த சான்று. பருத்தியும் சணலும் கொண்டு வலை பின்னிய காலத்தில், உப்புநீரில் அழுகாதிருக்க வலையை மரப்பட்டைக் கசாயத்திலும் பனிச்சங்காய்ச் சாற்றிலும் தோய்த்து உலர்த்தினர். ஐம்பதுகளின் இறுதி தொட்டு நைலான் வலை பரவியது. பட்டை காய்ச்சும் வேலை மறைந்தது. பின்னர்ப் படகுகளிலும் மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழை பிடித்தது. உழைப்பின் சுமை குறைந்தது உண்மை. மீனவர் அதை வரவேற்றதும் நியாயமே. ஆனால் எந்த மரத்தின் பட்டை, எந்தப் பருவத்தின் காய் என்ற அறிவும் அதோடு போய்விட்டது. கிழிந்த நைலான் வலை மட்டும் மக்காமல் கடலில் தங்குகிறது.

7. சீமைக் கருவேலம்: வெறுப்புக்குள் இருக்கும் தேவை

பற்றுதான் உறவுக்கு அடிப்படை என்ற கருத்தைச் சோதிக்கச் சீமைக் கருவேலத்தைவிடச் சிறந்த தாவரம் இல்லை. அமெரிக்கக் கண்டத்து மரமான இது 1877-ஐ ஒட்டி இந்தியாவுக்கு வந்தது. கடப்பை மாவட்டத்தில் நடப்பட்டது. பின்னர் விறகுத் தேவைக்காகத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் பரப்பப்பட்டது. இனிப்பான காயை ஆடுமாடு தின்று புழுக்கையிலும் சாணத்திலும் விதையைப் பரப்பும், தழையைத் தின்னாது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். கண்மாயும் தரிசும் அதன் வசமாயின.

நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, பிற செடிகளை வளரவிடாது, பாசன நிலத்தை விழுங்குகிறது என்பன இதன்மீதான குற்றச்சாட்டுகள். ஆழமான வேரும், பிற தாவரங்களை நெருக்கி ஒடுக்கும் இயல்பும் ஐயத்துக்கு இடமற்றவை. 2017-இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதனை அகற்ற உத்தரவிட்டது; சில மாதங்களில் அவ்வுத்தரவுக்கு இடைக்காலத் தடை வந்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல்தாவரங்களை அகற்றுவதற்கான கொள்கையை வெளியிட்டது.

மறுபுறம், மழை பொய்த்த ஆண்டில் இம்மாவட்டத்தின் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் இம்மரந்தான். வெட்டிய கட்டையை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் மூடி, நாள்கணக்கில் புகையவிட்டுக் கரி எடுக்கும் மூட்டத் தொழில் பரவலாக நடக்கிறது. பதநீர் காய்ச்சும் அடுப்பிலும் இதன் விறகே பெரும்பாலும் எரிகிறது. மாநில மரத்தின் கருப்பட்டிக்கு அகற்றச் சொல்லும் மரமே எரிபொருள். நல்ல தாவரம், கெட்ட தாவரம் என்ற இரு பெட்டிகளுக்குள் அன்றாட வாழ்வு அடங்குவதில்லை. அகற்றுவதுதான் முடிவு என்றால், விறகுக்கும் கரிக்கும் மாற்று வழி கண்டு, அந்த இடத்தில் உடையையும் நாட்டுக் கருவேலத்தையும் வளர்ப்பதும் அதே திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

8. ஒரு மறுப்பும் அதற்கான விடையும்

உழைப்பே உறவுக்கு அடிப்படை என்றால், கைபடாத தாவரங்களின் நிலை என்ன என்று கேட்கலாம். கடலோர மணலில் படரும் அடும்பையும், இராவணன் மீசை என்னும் முட்புல்லையும் எவரும் விற்பதில்லை. ஆனால் மணல்மேட்டைப் பற்றி நிறுத்துபவை அவைதாம். 1964 டிசம்பர் 22, 23 தேதிகளின் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்று மணலைக் கட்டிக் காப்பவற்றுள் இவையும் உண்டு. அதுபோல், கடலடிப் புல்வெளியை நம்பி ஆவுளியா என்னும் கடற்பசு வாழ்கிறது. அதற்காக 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

இந்த மறுப்பு கட்டுரையின் கருத்துக்கு ஓர் எல்லையை வகுக்கிறது. நேரடிப் பயனில்லாத தாவரத்தை உழைப்பு மட்டும் காக்காது. அங்கே சட்டமும் பொது அறிவும் தேவை. எனினும் அவ்விடத்திலும் முதலில் மாற்றத்தை உணர்பவர் அருகில் வேலை செய்பவரே. மணல்மேடு சரிந்ததைக் கரைவலை இழுப்பவரும், புல்வெளி குறைந்ததை அங்கு மீன் தேடுபவரும் எந்த அளவீட்டுக்கும் முன்பே அறிகின்றனர்.

9. முடிவுகள்

புதுமடம் கரையின் சான்றுகளிலிருந்து நான்கு முடிவுகள் பெறலாம்.

முதலாவது, தாவரம் பற்றிய அறிவு தனித்து நிற்பதில்லை. அது செய்யும் வேலைக்குள் இருக்கிறது. ஏறுவதும் முடைவதும் பறிப்பதும் நின்றால் சொற்களும் நிற்கும். சாயவேர் அதற்குச் சான்று.

இரண்டாவது, உழைப்பு நிலைக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும்: தாவரம் மீண்டும் தழைக்க விடும் முறை, உழைப்பவர் மதிப்போடு வாழத்தக்க வருமானம், தாவரம் வளரும் இடத்துக்குச் செல்லும் உரிமை. பனையில் இரண்டாவது தவறியது. பாசியில் மூன்றாவது தகராறானது. முதலாவதைப் பெண்களே காத்தனர்.

மூன்றாவது, பழைய உறவு அனைத்தும் மீட்கத்தக்கதன்று. சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட வேர் தோண்டலும், உயிரைப் பணயம் வைத்து ஏறுவதும் அப்படியே திரும்ப வேண்டியதில்லை. பாதுகாப்பான ஏறுகருவியும் நியாயமான விலையும் சேர்ந்த புதிய உறவே தேவை.

நான்காவது, காப்புத் திட்டங்கள் தாவரத்தை எண்ணுவதோடு அதனோடு வேலை செய்யும் மனிதரையும் எண்ண வேண்டும். எத்தனை விதை நடப்பட்டது என்ற கணக்குக்குப் பக்கத்தில், எத்தனை பேர் ஏறக் கற்றார்கள், எத்தனை பெண்கள் ஓலையையும் பாசியையும் நம்பித் தொடர்ந்து வாழ முடிகிறது என்ற கணக்கும் எழுதப்பட வேண்டும்.